கோல்ஃப் ஸ்கோர் குறையவே மாட்டேன் என்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

ரவுண்டு முடித்து வருகிறவரிடம் எப்படிப் போனது என்று கேட்டுப் பாருங்கள். "மற்றதெல்லாம் பரவாயில்லை, பட்டிங்தான் காலை வாரிவிட்டது" என்பார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு ஹோலிலும் கடைசியாக அடிப்பது பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) என்பதால் மனதில் தங்குவதும் அதுதான். ஆனால் பந்தைக் குழியிலிருந்து அத்தனை தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அதற்கு முந்தைய சிப், அதாவது கிரீனுக்கு (குழி இருக்கிற குட்டைப்புல் தரைக்கு) அருகிலிருந்து அடிக்கும் சின்ன ஷாட். அந்தச் சிப் தேவைப்பட்டதே, கிரீனை எட்டாமல் நின்றுபோன அயர்ன் ஷாட்டால். அந்த அயர்னை ரஃபிலிருந்து (உயரமான புல்லிலிருந்து) அடிக்க வைத்தது ஹோலின் முதல் அடியான டீ ஷாட். வலிக்கிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் வேறு. அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறியையும் பின்னோக்கித் துருவிப் பார்க்கப் போகிறோம்.

பார் 72 மைதானத்தில் (பதினெட்டு ஹோலையும் முடிக்க எதிர்பார்க்கப்படும் அடிகள் 72) 85-லிருந்து 110 வரை அடித்துக்கொண்டிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வலக்கை ஆட்டம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன் கார்டைப் பாருங்கள்

வெறும் ஸ்கோர் மட்டும் உள்ள கார்டை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. 7 என்று எழுதியிருக்கிறது, சரி. தண்ணீரில் போட்டதால் வந்த 7-ஆ, கிரீன் ஓரத்தில் தடுமாறிய 7-ஆ, நாலு பட் போட்ட 7-ஆ? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அடுத்த சில ரவுண்டுகளுக்கு ஒவ்வொரு ஹோலிலும் இவற்றைச் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: பெனால்டி ஏதாவது வந்ததா, டீ ஷாட்டுக்குப் பிறகு கிரீன் பக்கம் தடையில்லாமல் அடிக்க வழி இருந்ததா, கிரீனிலிருந்து 50 யார்டுக்குள் வந்த பிறகு அதன்மேல் ஏற எத்தனை ஷாட் ஆனது, முதல் பட் எத்தனை தப்படி தூரத்தில் இருந்தது. ஒரு தப்படியை மூன்று அடி என்று வைத்துக்கொள்ளலாம். பந்தை நோக்கி நடக்கும்போதே எண்ணிவிடலாம், யாரையும் காக்க வைக்க வேண்டியதில்லை.

எதற்கு எவ்வளவு கனம்

டிரைவ் பார்க்க அழகு, காசு கொண்டுவருவது பட் என்று பழைய கோல்ஃப் சொலவடை ஒன்று உண்டு. நம்புவது சுலபம். பார் 72-இல் 36 ஸ்ட்ரோக் பட்டுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள், பாதிக்குப் பாதி. ஆனால் அந்த 36-இல் பெரும்பகுதி குழியோரத்தில் தட்டிவிடும் பட்கள். அவற்றை உலகின் முதல்நிலை வீரரும் போடுவார், நீங்களும் போடுவீர்கள். இருவருக்கும் இடையே வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருடைய ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்’ முறையை அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011-இல் பட்டிங்குக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. யோசனை எளிமையானது. எட்டு அடியிலிருந்து டூர் வீரர்கள் பாதி முறை போடுகிறார்கள்; ஆக அங்கிருந்து அவர்களின் சராசரி 1.5 ஸ்ட்ரோக். நீங்கள் ஒன்றில் போட்டால் அரை ஸ்ட்ரோக் லாபம், இரண்டு எடுத்தால் அரை ஸ்ட்ரோக் நஷ்டம். டீயிலிருந்து குழி வரை ஒவ்வொரு ஷாட்டையும் இப்படி அளக்கலாம். அளந்து பார்த்ததில், முன்னணி டூர் வீரர்கள் மற்றவர்களைவிட முந்துவதில் ஏறக்குறைய 40 சதவீதம் கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்களால், 28 சதவீதம் டிரைவிங்கால், 17 சதவீதம் கிரீனைச் சுற்றிய ஆட்டத்தால், 15 சதவீதம்தான் பட்டிங்கால். 100 யார்டுக்கு வெளியே நடப்பதுதான் மூன்றில் இரண்டு பங்கு. 80 அடிப்பவருக்கும் 90 அடிப்பவருக்கும் உள்ள இடைவெளியிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். டைகர் வுட்ஸ் என்றால் நம் கண்ணில் நிற்பது அந்த நீளமான பட்கள். கணக்கில் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அயர்ன் ஆட்டம்.

ஆனால் ஒன்று. இது சராசரி. உங்கள் கார்டு சராசரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பங்கரில் (மணல் குழியில்) விழுந்தால் நாலு ஷாட் எடுப்பவருக்கு, அந்த மாதம் பங்கர்தான் முதல் பாடம். எனவே அறிகுறிகளுக்கு வருவோம்.

அறிகுறி: பதினாறு ஹோல் ஒழுங்கு, இரண்டு ஹோல் நாசம்

இதுதான் மிகப் பரவலான நோய். போகி (பாருக்கு ஒன்று கூடுதல்), போகி, பார் என்று போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு 8, பிறகு ஒரு 9. ஒரு பார் 4-இல் வந்த 8-ஐ எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

டீ ஷாட் வலப்பக்கம் மரங்களுக்குள் போனது. இரண்டாவது ஷாட்டை இரு மரங்களுக்கு நடுவே தெரிந்த இடைவெளியில் நுழைக்கப் பார்த்தார். கிளையில் பட்டு இன்னும் உள்ளே விழுந்தது. மூன்றாவதில் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (நடுவில் உள்ள குட்டைப்புல் பாதைக்கு) தட்டிவிட்டார். நாலாவது, 140 யார்டிலிருந்து அடித்தது, கிரீனுக்கு 20 யார்டு முன்பே நின்றது. ஐந்தாவது சிப்பில் கிளப் தரையில் குத்தி, பந்து ஐந்து யார்டு நகர்ந்தது. ஆறாவது கிரீனில் ஏறி, குழியைத் தாண்டி 12 அடியில் நின்றது. ஏழாவதும் எட்டாவதும் பட்.

இவரிடம் கேட்டால் "அந்த 12 அடி பட்டை விட்டுட்டேன்" என்பார். 12 அடியில் டூர் வீரர்களே போடுவதைவிட விடுவதுதான் அதிகம். அங்கே இரண்டு பட் என்பது நியாயமான கணக்கு. நஷ்டம் எதுவும் இல்லை. ஃபேர்வேயில் விழுந்த டீ ஷாட், கிரீனுக்குச் சற்று முன்னால் நின்ற அயர்ன், ஒரு சிப், இரண்டு பட் என்றால் 5. அதற்கு மேலே வந்த மூன்றில் ஒன்று டீ ஷாட்டால், ஒன்று மர இடைவெளிச் சாகசத்தால், ஒன்று தரையில் குத்திய சிப்பால். மூன்றில் இரண்டுதான் அடிக்கும் திறமை சம்பந்தப்பட்டது. நடுவில் உள்ளது வெறும் முடிவு. அதைச் சரிசெய்யப் பயிற்சி மைதானத்துக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை.

செய்ய வேண்டியது: சிக்கலில் மாட்டியதும், அடுத்த ஷாட்டைக் கண்டிப்பாகத் தடையில்லாத இடத்தில் போடுவது என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிடுங்கள். இடைவெளி தெரிகிறது, பத்துக்கு ஏழு தடவை நுழைத்துவிடுவேன் என்று தோன்றும். நுழைந்தாலும் கிடைக்கப்போவது பெரும்பாலும் இன்னொரு சிப்தான். நுழையாவிட்டால் போவது ஒன்றோ இரண்டோ முழு ஸ்ட்ரோக். கார்டில் டபுள் போகிக்கு மேல் வந்த ஹோல்களை மட்டும் எடுத்து இப்படிப் பிரித்துப் பாருங்கள். சிக்கலுக்குப் பிறகு அடித்த ஷாட்டிலேயே நஷ்டம் திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் ஸ்விங்கைத் தொடவே வேண்டாம். முதலில் இதை நிறுத்துங்கள்.

அறிகுறி: ரவுண்டுக்கு இரண்டு மூன்று பந்து காணாமல் போகிறது

பந்து எல்லைக்கு வெளியே போனாலோ தொலைந்தாலோ ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, கூடவே பழைய இடத்திலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். அதாவது டீயிலிருந்து அடிப்பதே மூன்றாவது ஷாட். 2019-இல் விதிகள் மாறிய பிறகு தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. தண்ணீர் போன்ற பெனால்டி பகுதி என்றால் ஒரு ஸ்ட்ரோக்கோடு போகும், பந்து உள்ளே நுழைந்த இடத்தை ஒட்டி டிராப் செய்துகொள்ளலாம். ஒரு ரவுண்டில் இரண்டு பந்து எல்லை தாண்டினால் நாலு ஸ்ட்ரோக் போச்சு. எந்தப் பட்டிங் பயிற்சியும் அதை ஒரே வாரத்தில் மீட்டுத் தராது.

இங்கே இரண்டு சோதனை. முதலாவது, போன பந்துகள் எல்லாம் ஒரே பக்கம் போகின்றனவா? ஒரே பக்கம், பெரும்பாலும் வலம், என்றால் அது ஸ்லைஸ். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் கிளப் முகம் தீர்மானிக்கிறது. அந்த முகம் ஸ்விங் பாதையோடு ஒத்துப்போகாமல் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளைகிறது. ஸ்லைஸ் அடிப்பவர் இயல்பாகச் செய்வது இன்னும் இடப்பக்கம் பார்த்து நிற்பது. நின்றதும் ஸ்விங் பாதையும் இன்னும் இடமாகப் போகும், முகத்துக்கும் பாதைக்கும் இடையே கோணம் கூடும், வளைவும் கூடும். நிற்கும் திசையை விட்டுவிட்டுப் பிடியைப் பாருங்கள். இடக்கையைக் கிளப்பின் மேல் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டிகள் தெரிகிற மாதிரி பிடித்துப் பத்துப் பந்து அடியுங்கள். முதலில் வசதியாகவே இருக்காது.

அடிபடும் இடத்தையும் பாருங்கள். வைட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து அடித்தால், கிளப் முகத்தில் அந்தப் புள்ளி ஒட்டிக்கொள்ளும். டிரைவரில் புள்ளி ஷாஃப்ட் பக்கமாக, ஹீலில், விழுகிறது என்றால் அதுவே பந்தை வலப்பக்கம் வளைக்கும். ஸ்விங் நன்றாகவே இருந்து பந்தை ஒட்டி நின்றதால் மட்டும் ஸ்லைஸ் வருகிறவர்கள் உண்டு.

இரண்டாவது சோதனை: இரு பக்கமும் போகிறதா? அப்படியானால் பிடியைத் திருப்புவதால் பயனில்லை. எங்கே டிரைவர் எடுப்பது என்பதுதான் கேள்வி. இதில் கணக்கு தெளிவாக இருக்கிறது. டூர் வீரர்களுக்கு ஃபேர்வேயில் 140 யார்டுக்கும் 180 யார்டுக்கும் உள்ள வித்தியாசம் கால் ஸ்ட்ரோக்கைக்கூடத் தொடுவதில்லை. நமக்கு அதைவிட அதிகம்தான், ஆனாலும் தொலைந்த பந்தின் விலைக்குப் பக்கத்தில் வராது. எல்லைக்கோடோ தண்ணீரோ டிரைவர் விழும் தூரத்தில் இருக்கிற ஹோல்களில் மட்டும் டிரைவரைவிடக் குட்டையான ஹைப்ரிட் கிளப்பை எடுங்கள். மற்ற இடங்களில் டிரைவரே சரி. பயந்துபோய் பதினெட்டு ஹோலும் 5-அயர்னில் தொடங்குகிறவர் தொலைத்த பந்துகளை மிச்சப்படுத்தி, அதை அப்ரோச்சில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அப்புறம், அந்த ஹைப்ரிட் உங்கள் கையில் உண்மையிலேயே நேராகப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பலருக்குப் போவதில்லை.

அறிகுறி: கிரீனை எட்டவே முடிவதில்லை

என்னைக் கேட்டால், 90-களில் தேங்கி நிற்கிறவர்களுக்கு இதுதான் தலையாய கோளாறு. கவனிக்கப்படாமல் போவதும் இதுதான், ஏனென்றால் கிரீனுக்குப் பத்து யார்டு முன்னால் நின்ற பந்து யாருக்கும் தப்பாகவே தெரிவதில்லை. "நல்லாத்தான் பட்டது, கொஞ்சம் குறைந்துவிட்டது" என்று போய்விடுகிறோம். டூர் வீரர்கள் பதினெட்டில் சராசரியாக ஏறக்குறைய பன்னிரண்டு கிரீன்களில் உரிய ஷாட்டில் (இரண்டு பட் போட்டால் பார் வரும்படி) ஏறுகிறார்கள். 95 அடிப்பவருக்கு இரண்டு மூன்று கிடைத்தாலே நல்ல நாள்.

கார்டில் பாருங்கள்: தடையில்லாத இடத்திலிருந்து அடித்த அப்ரோச்களில் எத்தனை கிரீனுக்கு முன்னாலேயே நின்றன, எத்தனை தாண்டிப் போயின? தாண்டியதாக ஒன்றுகூட இல்லையென்றால் கோளாறு ஸ்விங்கில் தொடங்கவில்லை, கிளப் தேர்வில் தொடங்குகிறது.

உங்கள் 7-அயர்ன் எவ்வளவு போகும் என்று கேட்டால் "150" என்பீர்கள். அது பின்காற்றில், வறண்ட தரையில், உருண்டதையும் சேர்த்து, நினைவில் நிற்கிற ஒரு நாளில் போனது. பத்துப் பந்து அடித்து, ஒவ்வொன்றும் தரையில் முதலில் விழுந்த இடத்தைப் பாருங்கள். மிக நன்றாகப் பட்ட இரண்டைக் கழியுங்கள். மீதியில் நடுவில் எது விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். 135 என்று வந்தால் 135 என்றே வைத்துக்கொள்ளுங்கள், மானம் ஒன்றும் போய்விடாது.

அப்புறம் எந்த இடத்தைக் குறிவைக்கிறீர்கள்? கொடிக்கம்பம் முன்னால் இருந்தால் கண் அதையே பார்க்கும். ஆனால் பங்கர், தண்ணீர் எல்லாம் கிரீனுக்கு முன்னால்தான் அதிகம் வைத்திருப்பார்கள். கொடி எங்கே இருந்தாலும் கிரீனின் நடு வரை உள்ள தூரத்துக்குக் கிளப் எடுங்கள். முன்பக்கக் கொடியைப் பார்த்து அடித்துச் சற்றுக் குறைந்தால் பங்கர். நடுவைப் பார்த்து அடித்து அதே அளவு குறைந்தால் கொடி அருகில். இது ஒன்றே பலருக்கு ஒரு ரவுண்டில் இரண்டு மூன்று ஸ்ட்ரோக்கைக் குறைத்துவிடும். வியர்வை சிந்தாமல் கிடைக்கிற ஆதாயம் என்பதாலேயோ என்னவோ, யாரும் மதிப்பதில்லை.

கிளப் சரியாக எடுத்தும் குறைகிறது என்றால் அடிபடுவதில்தான் கோளாறு. அயர்னில் முதலில் பந்து, அப்புறம் தரை. ஸ்விங்கின் தாழ்ந்த புள்ளி பந்துக்குச் சில அங்குலம் முன்னால், அதாவது இலக்குப் பக்கம், இருக்க வேண்டும். புல்தரையில் ஒரு கோடு வரைந்து, பந்து இல்லாமல், கோட்டுக்கு நேராக நின்று ஸ்விங் செய்யுங்கள். புல் பெயர்கிற இடம் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் போனால் சரி. கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால், அதுதான் ‘ஃபேட்’. ஒரு சமயம் பின்னால் குத்தி, இன்னொரு சமயம் பந்தின் தலையைச் சீவுகிறவர் இரண்டு வேறு கோளாறு என்று நினைப்பார். பெரும்பாலும் ஒன்றேதான்: கீழே வரும்போது எடை வலக்காலிலேயே தங்கிவிடுகிறது, தாழ்ந்த புள்ளி பின்னுக்குப் போகிறது. தரையில் குத்தினால் ஃபேட். குத்தாமல் தப்பி மேலேறும்போது பந்தைத் தொட்டால் டாப். அடித்து முடித்த பிறகு வலக்காலைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். தடுமாறினால் எடை இன்னும் இடப்பக்கம் வந்து சேரவில்லை.

இந்தச் சோதனையைச் செயற்கைப் பாயில் செய்யாதீர்கள். இரண்டு அங்குலம் பின்னால் குத்தினாலும் கிளப் பாயில் வழுக்கிப் போய்ப் பந்தைச் சந்தித்துவிடும். சத்தம்கூட நன்றாகவே இருக்கும். பயிற்சியில் பிரமாதம், மைதானத்தில் பரிதாபம் என்று புலம்புகிறவர்களில் கணிசமானோருக்குக் காரணம் அந்தப் பாய்தான்.

அறிகுறி: கிரீனுக்குப் பக்கத்தில் வந்த பிறகு நாலு, ஐந்து ஷாட்

கார்டில் 50 யார்டுக்குள் வந்த பிறகு கிரீனில் ஏற இரண்டு ஷாட் என்று அடிக்கடி வருகிறதா? குழிக்குப் பக்கத்தில் நிறுத்துவதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். ஒரே ஷாட்டில் கிரீனில் எங்கேயாவது நிற்க வேண்டும், அவ்வளவுதான். 30 அடியில் நின்றாலும் பரவாயில்லை. ஏறாமல் போன சிப் ஒரு முழு ஸ்ட்ரோக். ஏறியும் தூரமாக நின்ற சிப் அதில் ஒரு பகுதிதான்.

பெரும்பாலும் கோளாறு கையில் இருக்கும் கிளப்பிலேயே இருக்கிறது. டிவியில் பார்த்த உயரமான சிப்புக்காக 60 டிகிரி சாய்வுள்ள வெட்ஜ் கிளப்பை எடுக்கிறோம். நடுவில் பங்கரோ மேடோ இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. பந்தைக் கிரீனில் ஒரு யார்டு உள்ளே விழவைத்து, மீதியை உருளவிடும் கிளப்பை எடுங்கள்: 8-அயர்ன், 9-அயர்ன், பிட்சிங் வெட்ஜ். புல் குட்டையாக இருந்தால் கிரீனுக்கு வெளியிலிருந்தே பட்டரால் உருட்டிவிடுங்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பட்டரில் மோசமாக அடித்த ஷாட்கூடக் கிரீனில் ஏறிவிடும். வெட்ஜில் மோசமாக அடித்தது காலடியில் கிடக்கும்.

வெட்ஜ்தான் எடுத்தாக வேண்டிய இடத்தில் தரையில் குத்துகிறது என்றால், நீங்கள் பந்தைத் தூக்கிவிட முயல்கிறீர்கள். தூக்குவது கிளப்பின் சாய்வு செய்கிற வேலை. எடையை முதலிலேயே இடக்காலில் போட்டு, ஷாட் முடியும் வரை அங்கேயே வைத்திருங்கள்.

அறிகுறி: பங்கரில் விழுந்தால் வெளியே வர முடியவில்லை

இதற்கு நீண்ட வைத்தியம் வேண்டாம். கிளப் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பிறகு பிடியுங்கள் (பிடித்த பின் மணிக்கட்டைத் திருப்பித் திறந்தால் அடிக்கும்போது மூடிக்கொள்ளும்). பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் நுழையுங்கள். வேகத்தைக் குறைக்காமல் முழுதாக முடியுங்கள். பந்தை மணல்தான் வெளியே தூக்கிக்கொண்டு வருகிறது. நடுவில் நிறுத்தினால் மணலும் நிற்கும், பந்தும் நிற்கும். ஒத்திகை ஸ்விங்கில் கிளப் மணலைத் தொடக் கூடாது, தொட்டால் பெனால்டி. உயரமான சுவரடியில் ஒட்டிக் கிடந்தால், ஆட முடியாத பந்து என்று அறிவித்து, இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டியோடு பங்கருக்கு வெளியே பின்னால் டிராப் செய்ய 2019 முதல் விதி இடம் தருகிறது. உள்ளேயே நாலு முறை வெட்டுவதைவிட அது மலிவு.

அறிகுறி: மூன்று பட்

எல்லோரும் முதலில் ஓடிவரும் இடம். ஓடிவரும் முன் தப்படிக் கணக்கைப் பாருங்கள். மூன்று பட் போட்ட ஹோல்களில் முதல் பட் 35, 40 அடியிலிருந்து தொடங்கியதா? டூர் வீரர்களுக்கே 33 அடியில் சராசரி சரியாக இரண்டு பட்தான். 40 அடியில் நீங்கள் அவ்வப்போது மூன்று போடுவது கோளாறே இல்லை. அவ்வளவு தூரத்தில் பந்தை நிறுத்திய ஷாட்டைப் போய்ப் பாருங்கள்.

20 அடியிலிருந்தே மூன்று ஆகிறது என்றால்தான் பட்டிங்கைக் குற்றம் சொல்லலாம். அதிலும் குற்றவாளி திசை அல்ல, வேகம். நீளமான பட்டில் நீங்கள் பக்கவாட்டில் தவறுவது ஓரிரு அடி. தூரத்தில் தவறுவது ஆறு, எட்டு அடி. பச்சைப் புல்லின் சரிவைப் படிக்கக் குனிந்து உட்காருகிற நேரத்தில் பாதியை, குழியை நோக்கி நடந்து ஏற்றமா இறக்கமா என்று காலால் உணரச் செலவிடுங்கள். ரவுண்டுக்கு முன் பயிற்சிக் கிரீனில் குழியைப் பார்த்து அடிக்காமல், கிரீனின் மறு ஓரத்தைப் பார்த்து அடித்து, ஓரத்தைத் தாண்டாமல் எவ்வளவு நெருக்கமாக நிறுத்த முடிகிறது என்று பாருங்கள். அன்றைய கிரீனின் வேகம் கைக்குப் பழகிவிடும். போன வாரம் ஆடிய மைதானத்தின் வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தால் முதல் நாலு ஹோல் அதற்கே போய்விடும்.

அறிகுறி: மூன்று அடி பட்கூட விழுவதில்லை

குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். மூன்று அடியிலிருந்து சமதரையில், திசையில் மூன்று டிகிரி வரை தவறினாலும் பந்து குழியின் ஓரமாக உள்ளே விழுந்துவிடும். எட்டு அடியில் ஒன்றேகால் டிகிரிதான் இடம். டூர் வீரர்கள் மூன்று அடியில் ஏறக்குறைய 96 சதவீதம் போடுகிறார்கள், ஐந்து அடியில் அது 77-க்கு இறங்கிவிடுகிறது, பத்து அடியில் 40. எனவே ஆறு அடியில் ஒன்றை விட்டதற்காகப் பட்டரை மாற்ற வேண்டியதில்லை.

உண்மையிலேயே மூன்று அடியில் தவறுகிறது என்றால் பட்டரின் முகம் திரும்புகிறது. பட்டரின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல் இடைவெளியில் இரண்டு டீ குத்தி, நடுவே பட்டர் உரசாமல் அடித்துப் பழகுங்கள். தலையைத் தூக்கிக் குழியைப் பார்ப்பதும் ஒரு காரணம். விழும் சத்தம் கேட்ட பிறகு பாருங்கள்.

அறிகுறி: முதல் மூன்று ஹோல் மோசம், அல்லது கடைசி மூன்று

முதல் மூன்று என்றால் உடம்பு சூடாகவில்லை. பத்து நிமிடம் முன்னதாக வந்து, வெட்ஜில் தொடங்கிச் சில பந்து அடித்துவிட்டுப் போங்கள். கடைசி மூன்று என்றால் களைப்பும் தாகமும். கூடவே, பாதி ரவுண்டிலிருந்தே ஸ்கோரைக் கூட்டிக்கொண்டு வருவது. கூட்டலை முடிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பயிற்சியில் அற்புதம், ரவுண்டில் வேறு ஆள்

பாய் ஒரு காரணம் என்று சொன்னேன். இன்னொன்று, ஒரே கிளப்பில் ஒரே இலக்குக்கு வரிசையாக முப்பது பந்து அடிப்பது. ஆறாவது பந்திலிருந்து கை முந்தைய பந்தைத் திருத்திக்கொண்டே போகிறது. மைதானத்தில் அந்த வசதி கிடையாது. எல்லாமே முதல் பந்து. பயிற்சியின் பின்பாதியில் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள். தெரிந்த மைதானத்தின் ஹோல்களை மனதில் ஆடுங்கள்: டிரைவர், பிறகு அது விழுந்த இடத்துக்கு ஏற்ற அயர்ன், பிறகு ஒரு வெட்ஜ். முதல் ஷாட்டில் கிடைப்பதுதான் உங்கள் உண்மையான ஆட்டம். பார்க்கக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: குறிப்பாக எதுவும் தப்பில்லை, ஆனாலும் ஸ்கோர் அதே

கார்டில் பெனால்டி அரிது, சிப் ஏறுகிறது, மூன்று பட் ஒன்றோ இரண்டோ. ஆனாலும் 87, 88, 86. இந்த நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் பிராடியின் கணக்கு அப்படியே பொருந்தும். மீதி இருப்பது அயர்ன் துல்லியமும் டீயிலிருந்து தூரமும். கிரீனில் ஏறும் எண்ணிக்கை ஐந்திலிருந்து எட்டு ஆனால் 83 தானாக வரும். அதற்குப் பட்டிங் கிரீனில் செலவிடும் மணிநேரங்களைக் குறைத்து 120 யார்டிலிருந்து 170 யார்டு வரை உள்ள அயர்ன்களுக்குக் கொடுங்கள். மார்க்கர் புள்ளியை மறுபடி வைத்துப் பாருங்கள். முகம் முழுக்கச் சிதறுகிறது என்றால் இதைத் தனியாகச் சரிசெய்ய முயல வேண்டாம், ஒரு நல்ல கோச்சிடம் போங்கள். போகும்போது "என் ஸ்விங்கைப் பாருங்கள்" என்று தொடங்காமல், குறிப்புகளோடு உள்ள அந்தக் கார்டுகளை முதலில் அவர் கையில் கொடுங்கள்.